வேலைக்குச் செல்லும் வழிச்செலவும் வருமான வரியும்

(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் பயன்படும் பொருட்டு நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வருமான வரியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சம்பளம் பெறுவோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வணிகர் ஒருவர் தம் சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டிக் கூலியைச் செலவாகக் கழித்துக் கொண்டு, எஞ்சிய இலாபத்துக்கு மட்டுமே வரி செலுத்துகிறார். நாள்தோறும் ரயிலுக்கும் பேருந்துக்கும் பணம் கொடுத்து அலுவலகம் போய்ச் சேர்ந்தால்தான் சம்பளம் என்னும் நிலையிலுள்ள ஊழியர், அந்தச் செலவை ஏன் அவ்வாறு கழித்துக் கொள்ள இயலவில்லை? கேள்வி எளியது. ஆனால் இதற்கு விடை காண முயன்ற நாடுகள் ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளுக்கு வந்திருக்கின்றன. இந்தியாவிலேயே 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தோன்றிய பின் விடை பலமுறை மாறியுள்ளது. அந்த மாற்றங்களின் வரலாற்றை அறிந்துகொள்வது, வரிச் சலுகை யாரைச் சென்றடைகிறது, யாரைச் சென்றடைவதில்லை என்பதை உணரத் துணை செய்யும்.

ஈட்டும் செலவா, வாழும் செலவா?

வருமானத்தை ஈட்டுவதற்கான செலவைக் கழித்த பின்னரே வரி விதிக்க வேண்டும் என்பது வரிவிதிப்பின் அடிப்படைக் கொள்கை. உணவு, உடை, உறையுள் போன்ற வாழ்க்கைச் செலவுகளைக் கழிக்க இடமில்லை என்பது அதன் மறுபாதி. வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் பயணம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பயணம் இன்றி வேலை இல்லை என்பதால் அது ஈட்டும் செலவு. அலுவலகத்துக்கு அருகில் குடியிருக்காமல் தொலைவில் குடியிருப்பது ஊழியரின் விருப்பம் என்று கொண்டால் அது வாழும் செலவு.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இரண்டாவது கருத்தை உறுதியாகப் பற்றின. இலண்டனில் வாழ்ந்து, அங்கேயே வழக்கறிஞர் தொழில் நடத்திய ஒருவர், போர்ட்ஸ்மத் நகரில் நீதிபதிப் பதவி ஒன்றையும் வகித்தார். இலண்டனிலிருந்து அந்நகருக்குச் சென்று வந்த செலவைத் தம் பதவி ஊதியத்திலிருந்து கழிக்க வேண்டினார். பிரபுக்கள் சபை 1925-ஆம் ஆண்டில் அதை ஏற்க மறுத்தது. கடமையை ஆற்றும்போது நேரும் செலவு வேறு. கடமையாற்றும் இடத்தைச் சென்றடைய நேரும் செலவு வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1946-இல் இதற்கு ஒத்த முடிவையே எடுத்தது. ரயில் நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் குடியிருந்துகொண்டு, அலபாமா மாநிலத்து மொபைல் நகரில் பணியாற்றினார். தொலைவில் வாழ்வது நிறுவனத்தின் தேவை அன்று. அவருடைய சொந்த வசதி என்று நீதிமன்றம் கருதியது.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையேயுள்ள தொலைவை ஒருவழிக் கணக்கில் எடுத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என ஒரு தொகையைக் கழிக்க அந்நாடு அனுமதிக்கிறது. ஒருவர் காரில் சென்றாலும் சைக்கிளில் சென்றாலும் தொகை ஒன்றே. அரசு 2007-ஆம் ஆண்டில் செலவைக் குறைக்க எண்ணி, 21-ஆவது கிலோமீட்டரிலிருந்துதான் கழிவு உண்டு என்று சட்டத்தைத் திருத்தியது. 2008 டிசம்பர் 9-ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்திருத்தம் சமத்துவக் கொள்கைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வரி வருவாயைப் பெருக்க வேண்டும் என்பது மட்டுமே இவ்வாறு கோடு கிழிப்பதற்குப் போதிய காரணம் ஆகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஜப்பானிலோ நிறுவனம் தரும் பயணப்படிக்கு விலக்கு அளிக்கும் முறை உள்ளது. 2016 முதல் அவ்விலக்கின் உச்சவரம்பு மாதம் 1,50,000 யென் ஆயிற்று.

இந்தியா கண்ட வழி

இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், சம்பளத்திலிருந்து கழிக்கத்தக்க செலவுகளைப் பிரிவு 16-இல் வகுத்தது. சொந்த ஊர்தி வைத்திருந்து அதைப் பணிக்குப் பயன்படுத்தும் ஊழியர், அதன் பராமரிப்புக்கும் தேய்மானத்துக்கும் ஒரு தொகையைக் கழித்துக் கொள்ள முதலில் இடம் இருந்தது. பணிக்கு வேண்டிய நூல்களுக்கும், பணியின் நிபந்தனைப்படி முற்றிலும் கடமைக்காகவே செய்யும் செலவுகளுக்கும் தனித்தனிக் கழிவுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஊழியர் மெய்ப்பிக்க வேண்டும். வருமான வரி அலுவலர் ஆராய வேண்டும். இலட்சக்கணக்கான ஊழியர்களின் சிறு சிறு செலவுகளை இவ்வாறு ஆராய்வதில் இரு தரப்பாருக்கும் காலமும் உழைப்பும் வீணாயின.

இதற்கு மாற்றாக 1974-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ‘நிலையான கழிவு’ என்னும் முறையைக் கொண்டுவந்தது. 1975-76 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. சம்பளத்தில் முதல் 10,000 ரூபாய்க்கு 20 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 10 சதவீதம், ஆக மொத்தம் 3,500 ரூபாய்க்கு மிகாமல் கழிவு என்று வரையறுக்கப்பட்டது. ஆண்டுக்கு 15,000 ரூபாய் சம்பளம் பெற்றவருக்கு 2,500 ரூபாய் கழிந்தது. 25,000 ரூபாய் பெற்றவர் உச்சவரம்பான 3,500 ரூபாயை எட்டினார். பற்றுச்சீட்டு எதுவும் தேவையில்லை. அலுவலகத்திலிருந்து ஊர்திப்படி பெற்றவர்களுக்கும், சொந்தத் தேவைக்கும் பயன்படுத்தத்தக்க ஊர்தியை அலுவலகத்திடமிருந்து பெற்றவர்களுக்கும் கழிவு 1,000 ரூபாய்க்கு மிகாது என்றும் சட்டம் விதித்தது. ஒரே பயணத்துக்கு இரு முறை சலுகை பெறுவதை இது தடுத்தது. பயணச் செலவு வேறு, நிலையான கழிவு வேறு என்று கருதுவோர் இந்த விதியை நினைவில் கொள்ள வேண்டும். நிலையான கழிவின் பிறப்பிலேயே பயணச் செலவும் அடங்கியிருந்தது.

பின்னர் அலுவலகம் வந்து செல்வதற்கென நிறுவனம் தரும் போக்குவரத்துப் படிக்குத் தனி விலக்கும் ஏற்பட்டது. பிரிவு 10(14)-இன் கீழும், 1962-ஆம் ஆண்டு விதிகளில் 2பிபி விதியின் கீழும், 1997 முதல் மாதம் 800 ரூபாய் வரை இவ்விலக்கு அளிக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 2006-07 மதிப்பீட்டு ஆண்டு முதல் நிலையான கழிவை நீக்கிய பின்னரும் போக்குவரத்துப் படியின் விலக்கு நீடித்தது. 2015 ஏப்ரல் முதல் அது மாதம் 1,600 ரூபாயாக, அதாவது ஆண்டுக்கு 19,200 ரூபாயாக உயர்ந்தது. பார்வையற்றோர், கைகால் ஊனமுற்றோர் ஆகியோருக்கு வரம்பு மாதம் 3,200 ரூபாய்.

2018-இல் மீண்டும் ஒரு திருப்பம் நேர்ந்தது. மாதம் 1,600 ரூபாய்க்கான விலக்கும், மருத்துவச் செலவுக்கான ஆண்டுக்கு 15,000 ரூபாய் விலக்கும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் 40,000 ரூபாய் நிலையான கழிவு திரும்ப வந்தது. நீக்கப்பட்ட இரண்டின் கூட்டுத்தொகை 34,200 ரூபாய். ஆகவே வரிக்கு உட்படும் வருமானத்தில் கூடுதலாகக் குறைந்தது 5,800 ரூபாய் மட்டுமே. 2019-இல் நிலையான கழிவு 50,000 ரூபாயாயிற்று. புதிய வரி முறையைத் தேர்ந்தோருக்கும் 2023-24 நிதியாண்டு முதல் அது கிட்டியது. 2024-ஆம் ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டம் புதிய முறையில் அதை 75,000 ரூபாயாக உயர்த்தியது. ஊனமுற்றோருக்கான போக்குவரத்துப் படி விலக்கு மட்டும் 2018-க்குப் பின்னரும் காக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் பொருளை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். பணி ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் ஒருவர், முன்னாள் நிறுவனத்திடமிருந்து பெறும் ஓய்வூதியம் சம்பளமாகவே கருதப்படுவதால், அவருக்கும் நிலையான கழிவு உண்டு. முதியோருக்கு இது நன்மையே. ஆயினும் அலுவலகமே செல்லாதவருக்கும் நாள்தோறும் நான்கு மணி நேரம் பயணம் செய்பவருக்கும் கழிவு ஒன்றே என்றால், அது பயணச் செலவுக்கு ஈடு என்னும் இயல்பை இழந்துவிட்டது எனலாம்.

குழப்பம் நேரும் இடம்

சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் அலுவலரும், அதைப் பெறும் ஊழியரும் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. கடமையை ஆற்றுவதற்காக மேற்கொள்ளும் பயணம் வேறு. கடமையாற்றும் இடத்துக்கு வந்து செல்லும் பயணம் வேறு. வங்கி ஆய்வாளர் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குச் செல்வதும், பொறியாளர் அணைக்கட்டைப் பார்வையிடச் சுற்றுப்பயணம் போவதும், மாற்றலாகும் ஊழியர் குடும்பத்துடன் புதிய ஊருக்குச் செல்வதும் முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்காகத் தரப்படும் படி, உண்மையில் செலவான அளவுக்கு வரிவிலக்குப் பெறும். வீட்டிலிருந்து அலுவலகம் வந்து திரும்பும் பயணத்துக்கான போக்குவரத்துப் படியோ, 2018-க்குப் பின் ஊனமுற்றோர் நீங்கலாக ஏனையோருக்கு முழுவதும் வரிக்கு உட்பட்டது.

மத்திய அரசு ஊழியர்களையே எடுத்துக் கொள்ளலாம். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2017 ஜூலை முதல் பெருநகரங்களில் போக்குவரத்துப் படி, ஊதிய நிலைக்கேற்ப மாதம் 1,350, 3,600, 7,200 ரூபாய் என்றும், அவற்றின் மீது அகவிலைப்படி உண்டு என்றும் அமைந்தது. பெயர் போக்குவரத்துப் படி என்பதாலேயே அதற்கு வரிவிலக்கு உண்டு என்று எண்ணிவிடலாகாது. பெட்ரோல் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்து அதைச் சுற்றுப்பயணச் செலவாகக் காட்டுவது பிழை மட்டுமன்று. வருமானத்தைத் தவறாகக் காட்டிய குற்றத்துக்கும் அபராதத்துக்கும் அது இட்டுச் செல்லும்.

சமமற்ற மூன்று பயணங்கள்

மும்பையில் ஓர் அலுவலகத்தில் மூவர் பணியாற்றுவதாகக் கொள்வோம். உயர் அதிகாரியை வீட்டிலிருந்து அழைத்து வர நிறுவனத்தின் கார் செல்கிறது. இரண்டாமவர் அலுவலகத்துக்கு அருகே அதிக வாடகைக்குக் குடியிருக்கிறார். மூன்றாமவர் விராரிலிருந்து சர்ச்கேட் வரை சுமார் 60 கிலோமீட்டர் மின்சார ரயிலில் நின்றுகொண்டே வருகிறார்.

முதலாமவருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் முழு விலக்கு அளித்தது. நிறுவனம் தரும் ஊர்தியில் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே செல்வதை ஊழியர் பெறும் சலுகையாகக் கருதலாகாது என்று பிரிவு 17-இன் விளக்கம் கூறியது. இவ்விலக்குக்கு ரூபாய்க் கணக்கில் உச்சவரம்பு ஏதும் இல்லை. ஆலைத் தொழிலாளரை ஏற்றி வரும் நிறுவனப் பேருந்துக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாமவர் பழைய வரி முறையில் இருந்தால், அவர் பெறும் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு உண்டு. 1962-ஆம் ஆண்டு விதிகளின்படி மும்பை, கொல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் அமைந்த வீட்டுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம் வரையிலும், பிற இடங்களில் அமைந்த வீட்டுக்கு 40 சதவீதம் வரையிலும் அவ்விலக்கு வரம்பிடப்பட்டது.

மூன்றாமவரின் நிலை என்ன? விரார், மும்பை மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே, பால்கர் மாவட்டத்தில் உள்ளது. அவர் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பதால் வாடகை விலக்கு குறைவு. அதன் வரம்பும் 40 சதவீதமே. வாடகையில் அவர் மிச்சப்படுத்தியதன் ஒரு பகுதி ரயில் கட்டணமாகவும், மறு பகுதி நாள்தோறும் இழக்கும் நேரமாகவும் கரைகிறது. நகரின் நடுவே வீடு எடுத்தால் வாடகை. தொலைவில் எடுத்தால் பயணம். இரண்டும் ஒரே இடநெருக்கடிக்குக் கொடுக்கும் இரு விலைகள். ஒரு விலைக்குத் தனி விலக்கு அளித்து, மற்றொன்றைப் பொதுக் கழிவுக்குள் கரைத்துவிட்டது வரிச் சட்டம். தொலைவில் வாழ்வது ஊழியரின் விருப்பம் என்ற பழைய ஆங்கிலேய வாதம், மும்பையின் வாடகையை அறிந்தவர்களுக்கு முழு நிறைவு தராது.

அப்படியானால் ஜெர்மனியைப் போலக் கிலோமீட்டர் கணக்கில் கழிவு தரலாமா? இதற்கும் தடைகள் உண்டு. தொலைவு கூடக் கூடக் கழிவு கூடுமானால், நகரங்கள் மேலும் பரந்து விரிவதற்கு அது ஊக்கம் தரும். முகவரிகளைச் சரிபார்க்கும் பணி, 1974-இல் ஒழித்த தொல்லையைத் திரும்பக் கொண்டுவரும். இவற்றுக்கும் மேலாக, கழிவு என்பதன் தன்மையிலேயே ஒரு குறை உள்ளது.

கழிவு யாருக்கு எவ்வளவு?

கழிவு என்றால் அத்தொகை கையில் திரும்பக் கிடைக்கும் என்று பலர் நினைக்கின்றனர். வரிக்கு உட்படும் வருமானம் அத்தொகை அளவுக்குக் குறைகிறது; வரியில் மிச்சமாவது அதில் ஒரு பகுதியே. 2017-18 நிதியாண்டின் வரி விகிதங்களைக் கொண்டு, 19,200 ரூபாய் விலக்கின் பயனைக் கணக்கிடலாம். மேல்வரியை விடுத்துப் பார்த்தால், 30 சதவீத வரி செலுத்தியவருக்கு மிச்சம் 5,760 ரூபாய். 20 சதவீத வரி செலுத்தியவருக்கு 3,840 ரூபாய். 5 சதவீத வரி செலுத்தியவருக்கு 960 ரூபாய். வரி வரம்பை எட்டாத வருமானம் உடையவருக்கு ஒன்றுமில்லை. பயணம் ஒன்றாகவே இருந்தாலும், வருமானம் உயர உயரச் சலுகையும் உயர்கிறது.

அந்த நான்காமவரே இந்நாட்டில் பெரும்பான்மையோர். கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண், கடைச் சிப்பந்தி, காய்கறிக் கூடையுடன் அதிகாலை ரயில் ஏறும் வியாபாரி ஆகியோர் வருமான வரிப் படிவத்தைக் கண்டதில்லை. வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற தொழில்களில் ஈடுபட்டோர் பணியிடத்துக்கு எவ்வாறு செல்கின்றனர் என்ற விவரத்தை 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு திரட்டியது. நடந்தும் சைக்கிளிலும் செல்வோரின் தொகை, காரில் செல்வோரின் தொகையைப் போலப் பன்மடங்கு என்பது அதில் வெளிப்பட்டது. இவர்களுக்கு வரிச் சட்டத்தின் எந்தப் பிரிவாலும் உதவ இயலாது.

இவர்களைச் சென்றடையும் கருவி வேறு, அது பயணச்சீட்டு. புறநகர் ரயிலின் மாதாந்திர சீசன் டிக்கெட், நாள்தோறும் தனித்தனிச் சீட்டு வாங்கும் செலவில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. அதன் சலுகை, வாங்குபவரின் வருமானத்தைப் பொறுத்து ஏறுவதில்லை. 2009-10 ரயில்வே வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ‘இஜ்ஜத்’ திட்டம் இவ்வழியில் மேலும் ஓரடி வைத்தது. மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மிகாத அமைப்புசாராத் தொழிலாளர், 100 கிலோமீட்டர் தொலைவு வரை செல்ல மாதம் 25 ரூபாய்க்குச் சீசன் டிக்கெட் பெற அத்திட்டம் வழி செய்தது. வரி செலுத்தும் ஊழியருக்கு 19,200 ரூபாய் விலக்கால் கிடைத்த மிச்சத்தோடு இதை ஒப்பிட்டால், எந்த ரூபாய் எவர் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பது விளங்கும்.

இதன் பொருள் சம்பளக்காரரின் குறை பொய்யானது என்பதன்று. மூலத்திலேயே வரி பிடிக்கப்படும் அவருக்கு வருமானத்தை மறைக்க வழியில்லை. செலவைக் காட்டவும் வழி குறைவு. நிலையான கழிவு அவருக்கு நியாயமாக உரியது. ஆனால் அது 2005-இல் நீக்கப்பட்டதும், 2018-இல் திரும்பியதும், பின்னர் முறைக்கொரு தொகையாக வேறுபட்டதும், அதன் அளவு ஒரு கொள்கையைச் சார்ந்து நிற்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. பயணக் கட்டணம் உயரும்போது கழிவும் உயர வேண்டும் என்ற விதி 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 800 ரூபாய் வரம்பு ஏறத்தாழ 18 ஆண்டுகள் அசையாமல் நின்றதே இதற்குச் சான்று. அச்சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. சொற்களும் பிரிவு எண்களும் எளிமையாக்கப்பட்டாலும், கழிவின் அளவை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்ற பழைய கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

செய்யத்தக்கவை

ஆகவே இரு வழிகளையும் பிரித்து நோக்குவது நலம். வரி செலுத்துவோருக்கு நிலையான கழிவு ஒன்றே போதும். ஆனால் அதன் அளவைக் குறித்த கால இடைவெளியில் விலைவாசியோடும் பயணக் கட்டணத்தோடும் ஒப்பிட்டு மறுபரிசீலனை செய்ய வேண்டும். வழக்கமான ஊர்தியில் ஏற இயலாத ஊனமுற்ற ஊழியருக்குத் தனி விலக்குத் தொடர வேண்டும். அவருடைய கூடுதல் செலவு அவர் விரும்பி ஏற்றதன்று. நிறுவனக் காருக்கு உள்ள வரம்பற்ற விலக்கை, பலர் சேர்ந்து செல்லும் பேருந்துக்கும் ஒருவர் மட்டும் செல்லும் காருக்கும் வேறுபடுத்தலாமா என்பது ஆராயத்தக்கது.

வரி செலுத்தாத பெரும்பான்மையோருக்கான உதவி வருமான வரித் துறையிலிருந்து வர இயலாது. நேரத்துக்கு வரும் ரயில், கட்டுப்படியாகும் சீசன் டிக்கெட், நடப்பதற்கு ஏற்ற பாதை, பணியிடத்துக்கு அருகே அவர்களால் தாங்கக்கூடிய வாடகையில் வீடு ஆகியவையே அவர்களுக்கு உரிய கழிவுகள். இவற்றைத் தீர்மானிப்போர் ரயில்வேயிலும், நகராட்சியிலும், வீட்டுவசதி வாரியத்திலும் இருக்கின்றனர். வரிச் சலுகையால் அரசு இழக்கும் தொகையையும் இவற்றுக்கு ஒதுக்கும் தொகையையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடும் பழக்கம் அலுவலர்களிடையே வளர வேண்டும். பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் தம் நகரத்தில் அத்தகைய ஒரு கணக்கைத் திரட்டிப் பார்க்கலாம். சர்ச்கேட் நிலையத்தில் காலை ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்தில் படிவம் நிரப்புவோர் எத்தனை பேர், நிரப்பாதோர் எத்தனை பேர் என்ற கேள்வியிலிருந்து அக்கணக்கைத் தொடங்கலாம்.